குழியை மூடிவிட்டுப் போன திருடன்

திருட்டுக் கொடுத்தவர்கள் அழுது பார்த்திருக்கிறேன், கத்திப் பார்த்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரனைக் கை காட்டுவதை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறேன். தயவுசெய்து கண்டுபிடிக்காதீர்கள் என்று கெஞ்சிய ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் பெயர் ஹார்லன் பிக்ஸ்பி. எழுபத்து மூன்று வயது. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"போனது ஒரு கிழட்டுக் குதிரைங்க. இருபத்தாறு வயசு. அதுக்குப் போய் நீங்க ரெண்டு பேரும் மலையேறி வரணுமா? விட்டுடுங்க."

"வரச் சொன்னது உங்க வீட்டம்மா," என்றாள் வெர்னா.

வெர்னா ஹாலக் எங்கள் மாவட்டத்தின் சூட்டுக்குறி இன்ஸ்பெக்டர். மாடோ குதிரையோ, தொடையில் இருக்கும் சூட்டைப் பார்த்து யாருடையது என்று சொல்வதும், களவு போனால் தேடிப் பிடிப்பதும் அவள் வேலை. முப்பத்தொரு வருடமாகச் செய்கிறாள். அத்தனை வருடத்தில் அறிக்கையில் ஒரு பொய் எழுதியதில்லை. நான் ரூடி பெனாவிடெஸ், ஷெரிஃப் ஆபீசிலிருந்து அவளுக்கு ஒத்தாசைக்கு வந்தவன். என் வாயைப் பொறுக்க முடியாமல்தான் ஷெரிஃப் என்னை அவளிடம் தள்ளிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பொய்யென்று சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் கடைசி வாரம். கோட்ஹார்ன் மலை வனப் பூங்காவில், குதிரைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய முகாமில் நின்றிருந்தோம். மொத்தம் எட்டு இடம். ஆட்கள் அவரவர் குதிரையை டிரெய்லரில் ஏற்றி வந்து, மரத்துக்கு மரம் கயிறு இழுத்துக் கட்டி, ஒரு வாரம் தங்கிச் சவாரி போவார்கள். மலை முழுக்க ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. காலை பத்து மணிக்கே குளிர் காதைக் கடித்தது.

ஓபல் பிக்ஸ்பி நெருப்புக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில், இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். தலையில் பின்னல் குல்லாய், அதற்குள் முடி இல்லை. உடம்பில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம்.

"டாக்டர் கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொல்லியிருக்காரு," என்றார், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிப் பேசுவதுபோல. "எந்த வருஷத்து கிறிஸ்துமஸ்னு நானும் கேக்கல. அவரு மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுடுச்சு."

கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே சொன்னார். 

"நாளைக்குக் காலையில பிஸ்கட் மேல ஏறி ஏரி வரைக்கும் போகணும்னு வந்தோம். இருபத்திரண்டு செப்டம்பரா அவ முதுகுலதான் போறேன். இது கடைசி. காலையில எழுந்து பார்த்தா, திருடிட்டுப் போயிட்டாங்கன்னு ஹார்லன் சொல்றாரு. அவளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"பிஸ்கட்னு குதிரைக்கு யாரும்மா பேரு வெச்சது?" என்றேன்.

"நான்தான். வாங்கின அன்னிக்கே என் சட்டைப்பையில இருந்து ஒண்ணைத் திருடித் தின்னா."

"அப்ப திருட்டு அந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்ல."

ஓபல் சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. ஹார்லன் சிரிக்கவில்லை. தொப்பி சுழன்றுகொண்டே இருந்தது. அவர் கை நடுங்குவதைக் கவனித்தேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு பக்கம் பழுப்பு நிற ஆண் குதிரை. பெயர் ஜட்ஜ். கழுத்தை மேற்கே நீட்டி நீட்டிக் கனைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் வெறும் இடம். கயிற்றில் ஒரு முகவார் மட்டும் தொங்கியது. குதிரையைக் கட்டவும் பிடித்து நடத்தவும் மாட்டுவார்களே, அது.

"எப்பப் பார்த்தீங்க?" என்றாள் வெர்னா.

"ராத்திரி ரெண்டு மணி இருக்கும். எழுந்து வந்தேன். பிஸ்கட் இல்ல. ஜட்ஜ் மட்டும் நின்னான்."

"தேடலையா?"

"இருட்டு. ஓபலை எழுப்ப மனசு வரல. காலையில சொன்னேன்."

"சேணம்?"

"இருக்கு."

சேணம் டிரெய்லருக்குள் பத்திரமாக இருந்தது. வெள்ளிப் பூ பதித்த பழைய சேணம், கிழட்டுக் குதிரையைவிட நாலு மடங்கு விலை போகும். அதற்கு அடியில் போடும் சிவப்புக் கோடு போட்ட கம்பளியைத்தான் காணோம்.

நான் வெர்னாவின் காதோரம் போனேன். "அம்மணி, இந்தத் திருடனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வெள்ளிச் சேணத்தை விட்டுட்டு நாத்தம் பிடிச்ச கம்பளியை எடுத்திருக்கான். முகவாரைக் கழற்றி மாட்டிட்டுப் போயிருக்கான். குதிரையை எதைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான், காதைப் பிடிச்சா?"

"கேள்வி நல்லாத்தான் இருக்கு. வாயை மூடிக்கிட்டு அதையே யோசி," என்றாள் வெர்னா.

பக்கத்து இடத்தில் டார்லீன் ஸ்ப்ராக் இரண்டு கோவேறு கழுதைகளோடு தங்கியிருந்தாள். ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் ரேடியோவுக்கு முன்னால் டார்லீனிடம் சொல்லலாம்.

"மூணாம் நம்பர் இடத்துல ஒருத்தன் இருந்தான். குதிரை வாங்கி விக்கிறவனாம். விடியறதுக்கு முன்னாடியே டிரெய்லரை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான்," என்றாள். "நான் எதுவும் சொல்லல. நடந்ததை மட்டும் சொல்றேன்."

நான் இடுப்பில் இருந்த ரேடியோவை எடுத்தேன். நெடுஞ்சாலையில் அவனை மடக்க ஒரு வார்த்தை போதும். ஹார்லன் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன் எடுக்கல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவன் எடுக்கல, அவ்வளவுதான். ஒண்ணும் தெரியாத பையன் மேல பழி போடாதீங்க. எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

வெர்னா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ரேடியோ இடுப்புக்குத் திரும்பியது. அவள் டார்லீனிடம் வேறொன்று கேட்டாள்.

"இந்த ஜட்ஜ் எப்ப இருந்து இப்படிக் கத்துறான்?"

"அதை ஏன் கேக்குறே? ஆறரைக்கு ஆரம்பிச்சான், இன்னும் நிறுத்தல. என் கழுதைங்களே பொறுக்க முடியாம என்னை முறைக்குதுங்க."

"ராத்திரி?"

"ராத்திரி சத்தமே இல்ல. எனக்கு இலை விழுந்தாலும் முழிப்பு வந்துடும். ஆறு மணிக்கு முன்னாடி மலைமேல ஒரு வெடிச்சத்தம், அதுக்குத்தான் எழுந்தேன். மான் வேட்டைக்காரங்க. அப்புறம் இவன் கச்சேரி."

வெர்னா ஜட்ஜிடம் போனாள். நானும் போனேன், பத்தடி தள்ளி. குதிரைக்கும் எனக்கும் உள்ள உறவில் பத்தடிதான் மரியாதை.

"ரூடி, சேர்ந்தே இருக்குற ரெண்டு குதிரையில ஒண்ணைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்?"

"நிக்கிறது ஊரைக் கூட்டும்."

"பிஸ்கட் ரெண்டு மணிக்கே போயிட்டான்னா?"

"ரெண்டு மணிக்கே ஊரைக் கூட்டியிருக்கணும்." சொல்லும்போதே எனக்கு விளங்க ஆரம்பித்தது. "ஆறரைக்குத்தான் கூட்டியிருக்கு. அப்ப அது வரைக்கும் ரெண்டும் சேர்ந்து இருந்திருக்கு."

"இவன் வயித்தைப் பாரு."

ஜட்ஜின் கால்களிலும் அடிவயிற்றிலும் சிவப்புச் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது. முகாம் முழுக்கக் கறுப்பு மண். சிவப்பு மண் மேலே, ஓடைக்கு அந்தப் பக்கம்தான்.

"தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜட்ஜே உடந்தை," என்றேன். "கூடப் போய்ட்டுத் திரும்பி வந்திருக்கான்."

"யாரும் முழிக்கக் கூடாதுன்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க. இப்ப இந்தப் பக்கம் வா."

பிஸ்கட் நின்ற இடத்துக்குப் போனோம். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. சுத்தமான தரை, அதன் மேல் பைன் மரத்து ஊசி இலைகள். ஒரு வாளித் தண்ணீர், தளும்பத் தளும்ப. தொடாத உலர்புல். ஒன்றுமில்லையே என்றேன்.

"ஒண்ணுமில்லாததைத்தான் பார்க்கச் சொல்றேன். ஜட்ஜ் காலடியைப் பாரு."

ஜட்ஜின் காலடியில் மூன்று நாள் லத்தி குவிந்திருந்தது. முன்னங்காலால் பறித்த குழி ஒன்றும் இருந்தது. கட்டிப்போட்ட குதிரை மண்ணைப் பறிக்காமல் இருக்காது.

வெர்னா குந்தி உட்கார்ந்து, பிஸ்கட்டின் இடத்தில் பைன் ஊசிகளைக் கையால் ஒதுக்கினாள். அடியில் மண் புதிது. விரலை விட்டாள், முழங்கை வரை இறங்கியது. பெரிய குழி. அதை மூடி, மிதித்து, லத்தியை வாரிக் காட்டுக்குள் இறைத்து, மேலே ஊசிகளைத் தூவியிருந்தார்கள்.

மலையில் குதிரையோடு தங்குகிறவர்களுக்கு இது வேதம். கிளம்பும் நாளில், குதிரை நின்ற இடத்தில் குதிரை நின்றதே தெரியக்கூடாது. குழியை மூடு, லத்தியை இறை, ஊசியைத் தூவு. சின்ன வயதிலிருந்து செய்து செய்து கை தானாகச் செய்யும். வீடு தீப்பிடித்தால்கூட இவர்கள் குழியை மூடிவிட்டுத்தான் ஓடுவார்கள்.

"இவங்க என்னைக்குக் கிளம்புறாங்க?" என்றாள் வெர்னா.

"ஞாயித்துக்கிழமை. இன்னைக்கு வியாழன்."

"திருடன் குழியை மூடுவானா?"

"மாட்டான்."

"குதிரை திரும்பி வரும்னு நினைக்கிறவன் மூடுவானா?"

 நெருப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஹார்லன் மண்டியிட்டு ஓபலின் கால்மாட்டில் கம்பளியைச் செருகிக்கொண்டிருந்தார். கை நடுங்கியதால் கம்பளி நழுவியது. மறுபடி செருகினார். ஓபல் அவர் தலைக்கு மேலாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்லீனை ஓபலிடம் இருக்கச் சொல்லிவிட்டு, ஓடையைத் தாண்டி நடந்தோம். அந்தப் பக்கத்துச் சிவப்புச் சேற்றில் எல்லாம் எழுதி வைத்தாற்போல் இருந்தது. மேலே போனது இரண்டு குதிரையின் குளம்படி, நடுவில் ஒரு பூட்ஸ். திரும்பி வந்தது ஒரு குதிரைதான்.

"வெடிச்சத்தம் வேட்டைக்காரனோடதா இருக்கலாம்," என்றேன். அப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"இந்த வாரம் அம்பு வேட்டைக்கு மட்டும்தான் அனுமதி, ரூடி. துப்பாக்கி அடுத்த மாசம்."

சரிவில் ஓரிடத்தில் புல் பெரிய வட்டமாக நசுங்கிக் கிடந்தது. நூறடி தள்ளி இன்னொன்று. அதற்கு மேலே மூன்றாவது. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் பூட்ஸ் தடம் இல்லை, இரண்டு முழங்கால் பதிந்த தடம் இருந்தது.

"மூணு தடவை படுத்துட்டா," என்றாள் வெர்னா. "குடல் முறுக்கு. தண்ணி குடிக்கல, புல் திங்கல, வலி தாங்காம அவ்வளவு பெரிய குழி பறிச்சிருக்கா. அந்த வயசுல வந்தா அவ்வளவுதான். மூணு தடவையும் அவரு பக்கத்துல மண்டி போட்டு, பேசி எழுப்பியிருக்காரு."

"முகாம்லயே சுட்டு முடிச்சிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு தூரம்?"

"முகாம் பக்கம் வேணாம், கரடி வரும். ஓடைப் பக்கம் வேணாம், தண்ணி கெடும். அரை மைல் தள்ளி இருக்கணும்னு விதி. குழியை மூடுற ஆளு விதியை மீறுவாரா?"

அதற்கப்புறம் நான் வேடிக்கை எதுவும் பேசவில்லை. வெர்னா ஒரு தடவை திரும்பி, வாய்க்கு என்ன ஆச்சு என்று பார்த்தாள்.

மரங்கள் விலகி ஒரு புல்வெளி வந்தது. கீழே தூரத்தில் ஏரி தெரிந்தது. புல்வெளியின் ஓரத்தில் பச்சை ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள் அடுக்கி வைத்த ஒரு மேடு. ஒவ்வொன்றாக ஒடித்து, நுனி ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கியிருந்தார். தலைப் பக்கம் சிவப்புக் கோடு போட்ட கம்பளி. வெர்னா தொப்பியைக் கழற்றினாள். கம்பளியின் ஒரு முனையைத் தூக்கி ஒரு நொடி பார்த்துவிட்டு, முன்பு இருந்தபடியே மூடினாள். முகவாரை இங்கேதான் கழற்றி, கீழே கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்.

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. ஹார்லன் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்க," என்றார்.

"கண்டுபிடிச்சுட்டோம்," என்றாள் வெர்னா.

அவர் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கலைந்திருந்த ஒரு கிளையைச் சரிசெய்தார்.

"டாக்டர் அப்படிச் சொல்லிட்டாருல்ல, அன்னிக்கு வண்டியில வரும்போது ஓபல் ஒண்ணு சொன்னா. பிஸ்கட் நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன், பாருன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. ஆனா தினம் காலையில எழுந்து ஜன்னல்ல அவளைப் பார்த்த பிறகுதான் மருந்தே சாப்பிடுறா." அவர் குரல் உடைந்தது. "நான் எப்படிங்க போய்ச் சொல்லுவேன்? செத்துடுச்சுன்னா முடிஞ்சுபோச்சு. திருடு போச்சுன்னா எங்கேயோ உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம். யாரோ புல் போடுறாங்கன்னு நினைச்சுக்குவா. போலீசைக் கூப்பிடுவான்னு நான் நினைக்கவே இல்ல."

"பொய்ப் புகார் குத்தம், மிஸ்டர் பிக்ஸ்பி."

"தெரியும். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க, கிறிஸ்துமஸுக்கு அப்புறம். இப்ப ஒரே ஒரு வார்த்தை, தேடிக்கிட்டு இருக்கோம்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"என் அறிக்கையில நான் பொய் எழுதினதில்ல."

"எழுத வேணாம். வாயால சொன்னாப் போதும்."

வெர்னா ஏரியைப் பார்த்தாள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கத்தை அரை மைல் இறக்கத்தில் ஒருத்தி விட முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

முகாமில் ஓபல் அதே நாற்காலியில், அதே கம்பளிக்குள் இருந்தார். டார்லீன் சூப் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், கோப்பை அப்படியே இருந்தது. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். முதலில் ஹார்லனின் பூட்ஸ், பிறகு முழங்கால், பிறகு முகம்.

"என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?"

வெர்னா சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"தேடிக்கிட்டு இருக்கோம்."

ஹார்லன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. ஓபல் மெதுவாகத் தலையாட்டினார்.

"ஹார்லன், ஜட்ஜ் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு கிடக்கான். ஓடையில போய்க் கொஞ்சம் தண்ணி மொண்டுட்டு வாயேன்."

ஹார்லன் டிரெய்லருக்குப் பின்னால் போனார். வாளிகளின் சத்தம் கேட்டது, காலடிச் சத்தம் ஓடைப் பக்கம் இறங்கித் தேய்ந்தது. அது முழுசாக அடங்கும் வரை ஓபல் காத்திருந்தார். பிறகு வெர்னாவின் பக்கம் குனிந்தார்.

"இப்பச் சொல்லுங்க. எங்க படுக்க வெச்சிருக்காரு?"

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 

"இருபத்திரண்டு வருஷம் அவளோட இருந்தவ நான். வயித்து வலி வந்தா எப்படி மண்ணைப் பறிப்பான்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி ஒரு மணிக்கே கேட்டுடுச்சு. எழுந்திரிக்க உடம்புல தெம்பில்ல. ஹார்லன் வெளியில போய் அவகிட்ட பேசிக்கிட்டே இருந்தாரு. என்னை எழுப்புவாரு, எழுப்புவாருன்னு காத்துக்கிட்டே படுத்திருந்தேன். எழுப்பல. அப்புறம் ரெண்டு குதிரையும் போற சத்தம். நான் தூங்குற மாதிரியே இருந்துட்டேன்."

"அப்ப புகார் எதுக்கும்மா குடுத்தீங்க?" என்றேன்.

அவர் தன் இரண்டு கையையும் கம்பளிக்கு மேலே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"அவரு கையைப் பார்த்தீங்கல்ல. ரெண்டு வருஷமா நடுக்கம். காபிக் கோப்பையைக்கூட ரெண்டு கையாலதான் பிடிப்பாரு. வெடிச்சத்தம் ஒண்ணு கேட்டுது. அடுத்தது வருமான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன். வரல. குறி தப்பிப்போய், ரெண்டாவது சுட மனசு வராம, அவ வலியோட கிடந்தாளோன்னு..." நிறுத்தினார். "காலையில இருந்து அது ஒண்ணுதான் எனக்கு. அவரைக் கேக்க முடியாது. ஒண்ணுதானா? சொல்லுங்க."

"ஒண்ணுதான்," என்றாள் வெர்னா. "நான் கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். சரியான இடம். கை கொஞ்சங்கூட நடுங்கல. அவளுக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்டிருக்காது."

ஓபல் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கியது, அவர் துடைக்கவில்லை.

"எந்தப் பக்கம் பார்த்து?"

"ஏரிப் பக்கம்."

"அப்பச் சரி. எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துட்டா."

வெர்னா அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அவர்கிட்ட சொல்லிடலாமேம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்ல?"

"அழ ஆரம்பிச்சா அவரு பிஸ்கட்டுக்கு மட்டும் அழ மாட்டாரு," என்றார் ஓபல். "என்னைப் பார்த்துப் பார்த்து உடைஞ்சு போய்க்கிட்டு இருந்த மனுஷன். இன்னைக்குக் காலையில இருந்து ஒரு வேலை கிடைச்சிருக்கு. என்னை ஏமாத்தணும், நான் நம்பிட்டேனான்னு பார்க்கணும், மாட்டிக்காம இருக்கணும். அந்த வேலை இருக்குற வரைக்கும் நிப்பாரு. அதைப் பிடுங்கிடாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, இன்னும் தேடுறோம்னு சொல்லுங்க. நான் எடுத்து, அவருக்குக் கேக்குற மாதிரி பேசுறேன். ரொம்ப நாளைக்கு இருக்காது."

வெர்னா கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். காலையில் தேதி மட்டும் எழுதிய பக்கம். பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்து, நோட்டையும் மூடினாள்.

"வெள்ளிக்கிழமை தோறும் ரூடி கூப்பிடுவான்," என்றாள்.

"என் வாய்க்கு ஏத்த உத்தியோகம்," என்றேன். சொல்லும்போதே குரல் என்னைக் கைவிட்டது. ஓபல் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். அந்தக் கையில் கனமே இல்லை.

ஓடைப் பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஓபல் முகத்தைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஹார்லன் மேடேறி வந்தார். தண்ணீர் தளும்பிப் பேண்ட் முழுக்க நனைந்திருந்தது. ஒரு வாளியை ஜட்ஜுக்கு முன்னால் வைத்தார்.

அவருடைய இன்னொரு கையிலும் ஒரு வாளி இருந்தது.

அப்போதுதான் அவரே அதைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக ஓடைக்கு இரண்டு வாளியோடு போனவர், இன்றும் இரண்டை மொண்டு வந்துவிட்டார். கயிற்றில் தொங்கிய முகவாரைப் பார்த்தார், வெறும் தரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாளி நடுங்கித் தண்ணீர் அவர் பூட்ஸ் மேல் சிந்தியது. சொல்ல ஒரு பொய்யைத் தேடினார், கிடைக்கவில்லை. 

"நல்ல காரியம் பண்ணினே, ஹார்லன்," என்றார் ஓபல் நெருப்புப் பக்கமிருந்து. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "அந்தப் பழைய தண்ணியைக் கொட்டிட்டு இதை அவ இடத்துலயே வெச்சுடு. எங்க இருந்தாவது தப்பிச்சு வந்தான்னா தாகமா இருப்பா."

ஹார்லன் தலையாட்டினார். பிஸ்கட்டின் பழைய தண்ணீரைக் காட்டுக்குள் கொட்டினார். தான் மூடிய குழிக்கு மேல், பைன் ஊசிகள் கலையாதபடி, இரண்டு கையாலும் புது வாளியை இறக்கி வைத்தார். தண்ணீர் ஆடி அடங்கும் வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.